தேவாரத்துக்கு ஒரு டிஸ்கோத் தாளம்

போன மாதம் வல்வெட்டித்துறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் பெடியள் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் பழைய டிஸ்கோத் தாளமொன்றைத் தட்டிவிட்டார்கள். கனடாவிலிருந்து வந்தவர்களும் கடலுக்குப் போய் வந்தவர்களும் ஒன்றாக இடுப்பை ஒடித்தார்கள். ஒரு பெரியவர்கூட முகம் சுளிக்கவில்லை. இதே தாளத்துக்காக எட்டு வயதில் பூவரசந்தடியால் அடி வாங்கியவள் நான்.

அம்மாவின் கடைசித் தம்பியான சின்னமாமாவுக்கு அப்போது கப்பலில் வேலை. ஒருமுறை லீவில் வந்தபோது நிலத்தைக் கூட்டுகிற பெல்பொட்டம் காற்சட்டையும் ஒரு பை நிறைய டிஸ்கோ கசெற்றுகளும் கொண்டுவந்தார். ஒரே கிழமையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் டிஸ்கோ பிடித்துக்கொண்டது. தையற்காரர் பெல்பொட்டம் தைத்தே களைத்துப்போனார். பிறகுதான் வினை வந்தது. யாரோ ஒரு பெடியன் கோயில் வீதியில் ஆடிக் காட்ட, பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். வாத்தியாரான அப்பா, எங்கள் வீட்டில் இனி அந்தச் சத்தமே கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அம்மா கசெற்றுகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார்.

மாமா அசரவில்லை. வாயாலேயே தாளம் போட்டுக் கிணற்றடியில் எனக்கு ஆடப் பழக்கினார். எந்தப் பாட்டும் அந்தத் தாளத்துக்கு அடங்கும் என்று காட்ட, எனக்கு முழுதாகப் பாடமாயிருந்த ஒரே பாட்டை, அதாவது பள்ளிக்கூடத் தேவாரத்தை, அதில் பாடவைத்தார். உண்மையைச் சொன்னால், மிக நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பருத்தித்துறையில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். நல்ல இடம். அம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பெண்ணின் தகப்பன் நெற்றி நிறையத் திருநீற்றோடு வீடு பார்க்க வந்தார். வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும், பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார்.

"பிள்ளை, ஒரு தேவாரம் பாடு பாப்பம்."

நான் கைகூப்பி நின்றேன். எதிர்க் கதிரையிலிருந்த மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் பழக்கின மாதிரியே பாடு, என்ரை ராசாத்தி."

பாடினேன். இடுப்பு தன்பாட்டில் ஆடியது. இரண்டாவது அடியில் ஒரு விரலை முகட்டை நோக்கி நீட்டினேன். மாமா மேசையில் தாளம் தட்டினார். அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

வந்தவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

அவர்கள் யோசித்து முடிக்கவே இல்லை. அன்று விழுந்த அடியைவிட, மாமாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்பதுதான் எனக்கு நொந்தது. மறுநாள் அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

"மாமா, என்னாலைதானே கலியாணம் குழம்பினது?"

"ஓம், உன்னாலைதான்!"

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். துக்கம் தாங்காமல் சிரிக்கிறார் என்று நினைத்து நான் அழுதேன்.

அடுத்த வருடமே, கரவெட்டித் தபாற்கந்தோரில் முத்திரை விற்ற பெண்ணை மாமா கட்டினார். கப்பலில் இருந்த காலமெல்லாம் அவர் கடிதம் எழுதியது அந்தப் பெண்ணுக்குத்தானாம். அது அப்போது எனக்கு யாரும் சொல்லாத கதை. நல்ல சம்பந்தம் என்னால் தவறிப்போனதால், கிடைத்ததைக் கட்டிக்கொண்டார் என்றே நம்பினேன். அந்த மாமி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், பாவம், அவருக்கு உண்மை தெரியவந்தால் என்ன ஆகும் என்று கலங்கி, என் பங்குப் பலகாரத்தையும் அவருடைய தட்டிலேயே வைத்துவிடுவேன்.