இரண்டும் இடக்கை

டெல்லி ஜங்புராவில் சாக்கடையோரம் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்த பிறகு, நகரத்துக் கோடியில் நரேலாவில் கொடுத்த நாலாவது மாடி வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர் விடியுமுன் பஸ் பிடித்தால் இருட்டித்தான் வருவார். மூன்று வயது மகளும் எட்டு மாதக் கைக்குழந்தையும் நானும். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. பகல் முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

மதியம் இரண்டரைக்கு ஃபோனில் தமிழில் தையல் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். என்னை டெல்லிக்கா என்பார்கள். நான் பேசமாட்டேன். அவர்கள் பேசுவதைக் கேட்பேன். அது போதும்.

கடைசி வாரம் டீச்சர் சொன்னார். "முழு ஜாக்கெட் தச்சுக் காட்டுறவங்க அடுத்த வகுப்புக்கு வரலாம். மத்தவங்க புது ஆளுங்களோட முதல்ல இருந்து."

இன்னொரு தடவை புது ஆட்களோடு பழக எனக்குத் தெம்பில்லை.

துணி ஒன்றுதான் இருந்தது, சிவப்பில் பூப்போட்டது. மறுபக்கம் வெளுப்பு. ஜாக்கெட்டின் உடம்பை வெட்டித் தைத்துவிட்டேன். கைக்குத் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டவேண்டும், அப்போதுதான் ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை என்று வரும். மடிக்க இடமில்லை, மகள் துணிமேல் படுத்திருந்தாள். ஒரு கை வெட்டினேன். சின்னது அழுதது. பால் கொடுத்துவிட்டு வந்து, வெட்டிய கையைத் திருப்பாமல் அப்படியே மேலே வைத்து இன்னொன்று வெட்டினேன்.

தைக்கும்போதுதான் தெரிந்தது. இரண்டும் இடக்கை. திருப்பினால் வெளுப்பு வெளியே வரும். மிச்சத் துணி கையகலம்கூட இல்லை.

அன்று வகுப்பில் கேமராவை அணைத்து வைத்தேன். பேர் கூப்பிடும்போது பேசாமல் இருந்தேன். வகுப்பில் இருக்கும் திண்டுக்கல் பெண் விடவில்லை.

"டெல்லிக்கா, இருக்கியா? ஒன் பிள்ள இந்தில கத்துறது கேக்குது. ஒளியாத."

கேமராவைப் போட்டேன். கையில்லாத ஜாக்கெட்டைக் காட்டினேன்.

"ரெண்டும் எடக்கையா வெட்டிட்டேன் டீச்சர்."

திண்டுக்கல்தான் முதலில் கேட்டாள்.

"அப்ப சோறு எந்தக் கையில திம்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது.

"நான் மூணு தடவ அப்படி வெட்டியிருக்கேன்" என்றார் டீச்சர். "வேற துணியில கை வெட்டு. நாளைக்குக் காட்டு."

பழைய வீட்டு வாசலில் தொங்கிய நீலத் திரை மூட்டையில் கிடந்தது. இங்கே கதவு இருக்கிறது, திரை வேண்டாம். மகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, திரையை மடித்து, ஒரே வெட்டாக வெட்டினேன்.

மறுநாள் போட்டுக்கொண்டு காட்டினேன். சிவப்பு உடம்பு, நீலக் கை.

"டெல்லி ஃபேஷனாக்கும்" என்றாள் திண்டுக்கல்.

டீச்சர் என் பேரை அடுத்த வகுப்பில் எழுதிக்கொண்டார். கை கொஞ்சம் இறுக்கம். சின்னது அழுதது, கழற்ற நேரமில்லை. அதோடுதான் குழந்தையைத் தூக்கினேன்.