கொக்குக்கு விட்ட இடம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வீடு தேடி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, அக்காவின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அக்காவின் ஒரே தம்பியின் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். கையெழுத்துப் போடச் சொன்னாலே கை வேர்க்கும். நான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள், என் மருமகள், இதை எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதினால் பெரியவர்கள் முன்னால் வைக்க முடியாது என்று அவளே துவைத்துத் தேய்த்து எழுதுகிறாள். 'அக்கா வந்தார், அக்கா சொன்னார்' என்று மரியாதை வருவதும் அவள் கையால்தான். நேரில் எனக்கு அக்கா 'நீ'தான். நான் அக்காவுக்கு 'ஏலே'தான்.

அக்கா பிறந்தது நாகலாபுரம் பக்கம், மழையை நம்பி விதைக்கிற எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் புஞ்சை. பருத்தி, உளுந்து, கம்பு. மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் வானத்தைத் திட்டுவது. அம்மா போனபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் அக்கா, முதுகில் போட்டதும் அக்கா. இரண்டிலும் குறை வைத்ததில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். தொழிற்சாலையை நாம் ஆபீஸ் என்றுதானே சொல்லுவோம்? நான் அதைக் கேட்டுவிட்டு, அக்கா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் பார்ப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. மற்றவர்கள் ஒட்டினார்கள். அக்கா பார்த்துப் பார்த்து ஒட்டினார். லேபிளில் இருக்கிற மயிலின் கழுத்தில் பச்சை முடிந்து நீலம் தொடங்குகிற இடம் எது என்று வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுவார். நான் அப்போது கஞ்சியில் வெங்காயம் தேடிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தார். அத்தானுக்குப் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. மருமகள் பிறந்து, படித்து, வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு, அவள் விட்டுப்போன பெயிண்ட் டப்பாவை ஒருநாள் அக்கா எடுத்துத் திறந்தார். அப்போது அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. காலண்டரில் இருந்த அருவியைப் பார்த்து முதல் படம் போட்டார். அடுத்தது அன்னம். அது வாத்து மாதிரி இருந்தது. அப்புறம் போனில் படம் போடச் சொல்லித் தருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, ஒரே மாதத்தில் அந்த வாத்தை அன்னமாக்கினார். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவார்: "சாம்பார்ல உப்ப காணோம். ஆனா அருவியில தண்ணி நல்லா விழுது."

மெயின் ரோட்டில் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை அண்ணாச்சி அந்த அருவியைத் தன் கடையில் மாட்டிவைத்தார். பால் காய்ச்சுகிற வீடுகளுக்குப் பரிசு கொடுக்க வாங்கிப் போனார்கள். கேட்டவர் வீட்டில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அருவி, அன்னம், பனிமலை என்று எத்தனையோ போட்டார் அக்கா. ஆனால் ஒன்றில்கூடத் தன் பெயரை எழுதவில்லை. கேட்டேன்.

"பாத்துப் போட்டதுக்கு எம் பேரு எதுக்குலே? நான் பனிய எங்க பாத்தேன்? ஐஸ் பெட்டியிலதான் பாத்தேன்."

பிறகு ஒருநாள், "ஊருக்குப் போனா நம்ம புஞ்சையிலேருந்து ஒரு கட்டி மண்ணு எடுத்துட்டு வா" என்றார். பூந்தொட்டிக்கு என்று நினைத்து நான் இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினேன். அக்கா அதில் ஒரே ஒரு கட்டியை எடுத்துச் சன்னலில் வைத்தார். பாதியை நனைத்தார், பாதியைக் காய விட்டார். காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று அதையே பார்த்தார். கடையில் வாங்கின கறுப்புப் பெயிண்ட் தார் மாதிரி இருக்கிறது, கரிசல் அப்படியில்லை என்றார். காப்பிக்கொட்டை நிறத்தையும் நீலத்தையும் குழைத்துக் குழைத்து, அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் தடவித் தடவிப் பார்த்தார். மீதி மண்ணை அத்தான்தான் தெருவோடு அள்ளிப் போட்டார், என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசிக்கொண்டே.

அப்படிப் பிறந்ததுதான் முதல் கரிசல் படம். சித்திரை மாதம், வெடித்துக் கிடக்கிற புஞ்சை, ஓரத்தில் வளைந்து போகிற முள்வேலி, முள் நிறைந்த ஒரே ஒரு உடைமரம். கீழ் மூலையில் அக்கா தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு ஈரம் காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கடை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "படம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா பால் காய்ச்சுத வீட்டுக்குக் கறுப்ப யாரு கொண்டு போவா?"

"மாட்டி வைங்க அண்ணாச்சி. யாராவது ஒருத்தருக்குத் தெரியும்."

மாதக்கணக்கில் தொங்கியது. வந்தவர்கள் தீப்பிடித்த காடா என்று கேட்டார்கள். அக்கா வாரம் ஒருமுறை கடைக்குப் போய், அண்ணாச்சியிடம் ஒன்றும் கேட்காமல், கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். நான் எப்போது சும்மா இருந்தேன்?

கயத்தாற்றில் கடை வைத்திருக்கிறவர் ஒருவர், புது வீட்டு ஹாலுக்குப் பெரிய படம் தேடி வந்தார். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்ததால் கடையில் நான்தான் இருந்தேன். கரிசல் படத்தின் அளவு அவருக்குப் பிடித்திருந்தது.

"வறண்டுல்லா கெடக்கு? கொஞ்சம் தண்ணி கிண்ணி இருந்தா எடுத்துக்கிடலாம்."

"நாளைக்கு வாங்க, தண்ணி விட்டுத் தாரேன்."

என் வண்டியின் பின்கதவுக்கு அடித்த எனாமல் பெயிண்டில் நீலமும் வெள்ளையும் மிச்சம் இருந்தது. சட்டத்தைக் கழற்றி, அக்காவின் புஞ்சைக்குக் குறுக்கே ஒரு ஓடை விட்டேன். ஓடை தனியாக இருந்ததால் கரையில் ஒரு கொக்கையும் நிறுத்தினேன். மறுநாள் படம் விற்றுப் போனது. உலகத்திலேயே பெரிய ஓவியன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டார் அக்கா.

"கரிசல் அப்படியே உசுரோட இருக்குன்னு சொன்னாவக்கா."

அன்றைக்கு அக்கா பாயசம் வைத்தார். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

கயத்தாற்றுக்காரர் பால் காய்ச்சும் வீட்டுக்கு எங்களையும் அழைத்தார். வண்டி பஞ்சர் என்றேன், வயிற்று வலி என்றேன். அக்கா கேட்கவில்லை. அத்தானைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டுவிட்டார். பயத்தில் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஹாலில் படத்துக்கு முன்னால் அக்கா நின்றார். கையில் தாம்பூலப் பை. வீட்டுக்காரர் வந்து, "இந்த ஓடையப் பாத்துத்தாம்மா எடுத்தேன்" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் குறைகிற வரை காத்திருந்து, வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

"இந்த ஓடை நான் போட்டதில்லை. ஆனா படத்துல எம் பேரு இருக்கு. ஒண்ணு ஓடைய மறைச்சுத் தாரேன், இல்ல எம் பேர மறைச்சுக்கிடுதேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நல்ல நாளும் அதுவுமாகப் படத்தில் கை வைப்பதா என்று அவர் யோசித்தார். அவருடைய அப்பா, வயசாளி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"ஓடைய மறைச்சிரும்மா. இந்த வேலி வளைவப் பாத்தா எங்க புஞ்சை மாதிரியே இருக்கு. எங்க புஞ்சையில ஓடை ஏது? நானும் ரெண்டு நாளா என்னமோ தப்பா இருக்கேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்." கொக்கைக் காட்டிக் கேட்டார்: "இது என்ன, வெள்ளக் குடையா?"

"கேளுங்க, இவன்கிட்ட கேளுங்க" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா பெயிண்டோடு போய் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து ஓடையை மூடினார். கொக்கையும் மூடினார். எத்தனை தடவை பூசினாலும், வெயில் படும்போது எனாமல் நீலம் அடியில் லேசாகத் தெரிந்தது. அக்கா மறுபடி பூசப் போனபோது பெரியவர் தடுத்தார்.

"கெடக்கட்டும்மா. கீழ தண்ணி கெடக்குன்னு நெனச்சுக்கிடுதேன்."

இப்போதும் அந்தப் படம் அந்த ஹாலில் இருக்கிறது. அக்காவின் பெயரும் இருக்கிறது.

அக்கா என்னோடு பேசாமல் இருந்தது அதற்குப் பிறகுதான். "ஒங்க மச்சினனைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அத்தானிடம் சொல்லுவார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. ஒருநாள் தாங்க முடியாமல் காலில் விழப் போனேன். அப்போது சொன்னார்.

"விக்காம கெடந்தாக்கூட எனக்கு வருத்தம் இல்லைலே. நீ சொன்ன பொய்க்கு நான் பாயசம் வச்சேனே. அதான்."

என்னை எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள். இந்த ஒன்றுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது. அன்றைக்கே என் எனாமல் டப்பாக்களை எல்லாம் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தேன். அக்கா அதை வைத்து வாசல் இரும்புக் கேட்டுக்கு அடிக்கச் சொன்னார். அடித்தேன். மறுநாள் 'ஏலே' திரும்பி வந்தது.

கயத்தாற்றுப் பெரியவர் சொல்லித்தான் மற்றவர்கள் வந்தார்கள். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒருவர், எங்கள் புஞ்சையையும் போட்டுத் தாருங்கள் என்று வந்தார். பிறகு வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். நேரில் பார்க்காத நிலத்தை அக்கா போட மாட்டார். என் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போவார். வெயிலில் நான் குடை பிடிக்க, அக்கா பென்சிலில் கோடு இழுப்பார். நான் பேசினால் கோடு கோணும் என்று வாயில் முறுக்கைக் கொடுத்துவிடுவார். ஒரு நிலத்தின் கறுப்பு இன்னொரு நிலத்துக்கு வராது என்பதை அப்போதுதான் நானே பார்த்தேன். பிறந்ததிலிருந்து அதில்தான் புரண்டேன், ஆனால் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் கோவில்பட்டிக்குமாக அலைந்தோம். முடி போனது, உடம்பு வற்றியது. கை மட்டும் நடுங்கவில்லை. ஐப்பசியில் நல்ல மழை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில், "வண்டிய நம்ம ஊருக்கு விடுலே" என்றார். எங்கள் புஞ்சையில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. ஈர மண் புரண்டு புரண்டு விழுந்தது. வண்டியை விட்டு இறங்க முடியாமல், உள்ளேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

அதுதான் கடைசிப் படம். இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. அதில் வலது பக்கம், உழுத சாலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பென்சில் வட்டம் தெரியும். அது என்ன என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அச்சகத்துக்காரர் அழுக்கு என்று அழிக்கப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். படத்தை முடித்துப் பெயர் எழுதுவதற்கு முன்னால், அக்கா என்னைக் கூப்பிட்டு அந்த வட்டத்தைப் போட்டார்.

"ஏலே, இது ஒனக்கு. கொக்கு."

"வேண்டாம்க்கா. அன்னைக்குப் பட்டது போதும்."

"அன்னைக்கு நீ போட்டது தப்பு. சித்திரையில வெடிச்ச நெலத்துல கொக்குக்கு என்ன வேலை? மழ பெஞ்சு உழும்போது வரும்லா, டிராக்டர் பின்னாலயே? இதுல போடலாம். ஆனா குடை மாதிரி போட்டேன்னா எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

பத்து நாளில் அக்கா போய்விட்டார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தைப் பார்த்தே வலி எவ்வளவு என்று தெரிந்துகொண்ட நர்ஸம்மாக்கள், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சித் தந்த தெருப் பெண்கள், கடைசிப் படத்துக்குத் தன் கையால் சட்டம் போட்ட கடை அண்ணாச்சி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மயானம் வரை நடந்து வந்த கயத்தாற்றுப் பெரியவர், உங்கள் எல்லோருக்கும் அத்தானும் மருமகளும் நானும் கடன்பட்டிருக்கிறோம். அக்கா போட்ட புஞ்சை யார் வீட்டுச் சுவரில் இருந்தாலும், வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடையுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு வருஷமாகப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கொக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். உழவு நடக்கிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்துவிட்டு வருகிறேன். சிறகு கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. கால்தான் இன்னும் குடைக் காம்பு மாதிரி வருகிறது என்று மருமகள் சொல்கிறாள். சரியாக வருகிற அன்றைக்குப் பால் பாயசம் வைத்து உங்களைக் கூப்பிடுகிறேன். அதுவரை அந்த வட்டம் அப்படியே இருக்கட்டும்.