முந்திச் சிரித்த மாணவர்

வசந்தி என்னை டியூட்டரி வாசலிலேயே மறித்தாள்.

“சேர், அந்தப் புது ஆள் இருந்தா நாங்கள் இனி வகுப்புக்கு வரமாட்டம்.”

“ஏன், என்ன செய்தவர்?”

“ஒண்டும் செய்யேல்லை. நாங்கள் சிரிக்க முந்தி அவர் சிரிக்கிறார். இங்கிலீசு தெரிஞ்ச ஆள் ஏன் சேர் இங்கிலீசு படிக்க வரவேணும்?”

எண்பதுகளின் தொடக்கம். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த டியூட்டரியில் நான் பேச்சு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் வேலை செய்த என் மைத்துனர் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவை வீடியோக் கசெட்டுகள் சில கொண்டுவந்து தந்திருந்தார். டியூட்டரி நடத்திய பரமு அண்ணையிடம் டிவியும் வீடியோ டெக்கும் இருந்தன. ஒரு சலவைக்கடை முதலாளியும் அவனுடைய வேலைக்காரனும் அடிக்கும் கூத்துத்தான் கதை. ஒரு துண்டைப் போடுவேன், நிறுத்துவேன், சொல்லைக் கேட்பேன். பெரிய சேட் ஒன்று குழந்தைச் சட்டையாகி வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் ‘ஷ்ரிங்க்’ என்ற சொல்லை மறக்கவேயில்லை.

கடைசி வாங்கு

புது ஆளின் பெயர் செல்வராசா. ஊர் உடுப்பிட்டி. நாற்பது வயது இருக்கும். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். என்ன வேலை என்று கேட்டால், “இப்ப சும்மா வீட்டிலை நிக்கிறன்” என்பார். கடைசி வாங்கில், கதவோரமாக உட்காருவார்.

வசந்தியின் தம்பியை முந்திய கிழமைதான் உரும்பிராயில் வைத்து ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஆர் காட்டிக்கொடுத்தது என்று தெரியாது. அதனால் தெரியாத முகம் எல்லாமே அப்போது சந்தேகத்துக்குரிய முகம்தான். வகுப்பில் பேச்சுக் குறைந்தது. பகிடிக்கும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டே சிரித்தார்கள்.

“மாஸ்டர், அந்தாளை நிப்பாட்டிவிடுங்கோ” என்றார் பரமு அண்ணை. “நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?”

நானும் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னால் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

சத்தமில்லாத படம்

அன்று டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, என்ன கதைக்கிறார்கள் என்று ஊகிக்கச் சொன்னேன். படத்தில் முதலாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. செல்வராசா சிரித்துவிட்டார். காதால் கேட்டு வந்த சிரிப்பு இல்லை அது. வகுப்பு முடிந்ததும் அவரை நிற்கச் சொன்னேன்.

“உங்களுக்கு இங்கிலீசு தெரியுமோ?”

“ஒரு சொல்லும் விளங்காது, சேர்.”

“அப்ப எப்பிடிச் சிரிக்கிறியள்?”

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நான் கப்பல் குசினியிலை வேலை செய்தனான். வேலை முடிஞ்சா உந்தக் கசெட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுவாங்கள். நான் மட்டும் சும்மா இருந்தா ஒரு மாதிரிப் பாப்பாங்கள். அதாலை சிரிச்சுப் பழகினன். எந்த இடத்திலை சிரிக்கவேணும் எண்டது எனக்கு மனப்பாடம்.”

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“கப்பலிலை வேலை செய்தவனுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு ஊரிலை எப்பிடிச் சொல்லுறது?” பிறகு கேட்டார். “சேர், தையிலை நான் திரும்பவும் அந்தக் கப்பலுக்குத்தான் போறன். கசெட்டிலை முதலாளி அந்த வேலைக்காரனை நிட்விட் எண்டு கூப்பிடுறான். கப்பலிலை என்னையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்கள். அது செல்லப் பேரோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதே கப்பலுக்குத் திரும்பிப் போகிறவர்.

“மூளையில்லாதவன் எண்டு அர்த்தம்” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “நான் ‘யெஸ்’ எண்டல்லோ சொல்லிக்கொண்டு போனனான்” என்றார் மெதுவாக. பிறகு, “அப்பிடிக் கூப்பிட்டா என்ன சொல்லவேணும்? அதைப் படிப்பியுங்கோ.”

இரண்டு வசனங்கள்

அவருடைய சம்மதத்தோடு வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். “உதுவும் ஒரு கட்டுக்கதையா இருக்கலாம்” என்றார் பரமு அண்ணை. சிலர் திரும்பி வரவேயில்லை. வசந்தி வந்தாள்.

“அவருக்கு வசனம் படிப்பிக்கிறியள் எண்டா எனக்கும் ஒண்டு வேணும், சேர். ஆமிக் காம்ப் வாசலிலை நிண்டு தம்பியைப் பற்றிக் கேக்க. அவங்களுக்குத் தமிழ் விளங்காது. இப்ப நான் இஞ்சை வாறதே அதுக்குத்தான்.”

அந்தக் கிழமை டெக்கைப் போடவில்லை. வசந்தி கப்பல்காரனாக நின்றாள். “நிட்விட்” என்றாள், தயங்கி.

“அப்பிடியில்லைத் தங்கச்சி, கத்திக் கூப்பிடுங்கோ.”

கத்தினாள்.

“மை நேம் இஸ் செல்வராசா” என்றார் அவர். “கோல் மீ பை மை நேம்.”

பிறகு அவர் காவல்காரனாக வாசலை மறித்து நின்றார். அவள் தம்பியின் பெயரைச் சொல்லி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் உடையாமல் வரும்வரைக்கும் அவர் வழிவிடவில்லை.

செல்வராசா தையில் கப்பலேறினார். வசந்தியின் தம்பி பின்னர் வீடு வந்து சேர்ந்தான். அந்த வசனம் உதவியதா என்று எனக்குத் தெரியாது. இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வருகிற ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்க முன்னம், எந்த ஒரு சொல் தேவைப்பட்டு அவர் வந்தார் என்று கேளுங்கள்.