ராசம்மாள் கையில் வைத்துப் பார்த்த நிறம்

“ஒட்டிக்காதுங்க. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது.”

யாரும் எதுவும் கேட்கவில்லை, ராசம்மாளாகவே சொன்னார். முகூர்த்தச் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்க வந்த பெண்கள் ராசம்மாளின் கையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்த நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

கணபதி ஏரியாவில் என் தையல் கடையை ஒட்டி இருக்கிறது அந்த மேட்சிங் சென்டர். கடை திறந்த நாளிலிருந்து ராசம்மாள் அங்கேதான். கிணத்துக்கடவுக்காரர். கல்யாணமாகி இங்கே வந்தவர். பவுண்டரியில் வேலை பார்த்த புருசன் நெஞ்சு கெட்டுச் செத்துப்போனார். பிள்ளை இல்லை. அவருக்குப் பேச்சுத்துணை என்றால் கடைக்கு வருகிற பெண்கள்தான்.

சேலையோடு வருகிறவர்களை முதலில் வாசலுக்குக் கூட்டிப் போவார். ட்யூப்லைட்டில் அரக்கும் கத்தரிப்பூவும் ஒன்றுபோல இருக்கும். பிறகு துணியைத் தன் முன்கையில் சுற்றி, பக்கத்தில் சேலையை வைத்துக் காட்டுவார். ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் தோல் தெரியுமில்லையா, அங்கே எடுபட வேண்டும் என்பார். கிளிப்பச்சைச் சேலைக்குக் கிளிப்பச்சையே கேட்டால், ஆள் சேலைக்குள் முழுகிப்போவீர்கள் என்று மாம்பழ மஞ்சளை எடுத்துப் போடுவார். இரண்டு பளிச்சென்ற நிறம் சேர்ந்தால் மாமியாரும் மருமகளும் மாதிரி, ஒன்று அடங்கினால்தான் வீடு என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் விரல் நுனியில் வெள்ளை விழுந்தது. பிறகு மணிக்கட்டு, முன்கை. களிம்பு தடவிப் பார்த்தார். நிற்கவில்லை. ராசம்மாள் அதையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

“செவப்பா இருக்கறவிங்க இந்தப் பக்கம் பாருங்க, கருப்பா இருக்கறவிங்க இந்தப் பக்கம் பாருங்க” என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். பழகிய பெண்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் பழகியவர்கள் இல்லை. மணப்பெண்ணின் அத்தை சேலையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. ஒட்டாதுன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. முகூர்த்தச் சேலையாச்சேன்னுதான்.”

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையோடே எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.

முதலாளி கிருபாசங்கர் சின்ன வயசு, கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. உள் ரூமில் ஃபேன் போட்டுத் தருவதாகவும், சேலை உள்ளே வரும், துணியை எடுத்து வெளியே அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். “உங்க நல்லதுக்குத்தானுங்கக்கா” என்றார். ராசம்மாள் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. துணி வெளியே வரும், கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணைப் பார்த்து எல்லாரும் அருமையாக எடுத்திருக்கிறாய் என்று சொல்லிப் போவார்கள். முகூர்த்தச் சேலைகளும் உள்ளே போய் வந்தன. யார் கை பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. டீ குடிக்க வெளியே வந்தால்கூட ராசம்மாள் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பேத்தி பிறந்தாள். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொட்டில் கட்ட ஒரு சேலை எடுத்துத் தரச் சொல்லி ராசம்மாளையும் கூப்பிட்டேன். இன்று காலை வீட்டுக்கு வந்தார். குழந்தைக்குப் பக்கத்தில் வராமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் மகள் பிரத்யுஷா குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

என் கண்ணுக்கு அப்படியொரு குழந்தை இந்தக் கணபதியிலேயே இல்லை. ராசம்மாளும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறதே, கடைக்குப் போகவில்லையா என்று நான்தான் கேட்டேன்.

“இனி வரலைன்னு சொல்லிப்போட்டனுங்கண்ணா. சேலைய மட்டும் உள்ள அனுப்பறாங்க. கட்டறவிங்க மூஞ்சியப் பாக்காம நான் யாருக்குங்க நெறம் எடுக்கறது?”