மேவிஸின் ஆட்சேபம்

மேவிஸ் ஓல்ட்ராய்டை எங்கள் மார்ல்டனில் தெரியாதவர் கிடையாது. மஞ்சள் கோட்டும் கையில் வட்டப் பலகையுமாகப் பள்ளிக்கூடத்து முனையில் நின்று பிள்ளைகளைச் சாலையைத் தாண்டவைக்கிறவள். வீடு கடைவீதியான ஹை ஸ்ட்ரீட்டில், என் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி. எதிரே, மூடிக்கிடந்த செருப்புக்கடை.

போன மார்ச்சில் அந்தக் கடைக் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சூதாட்ட மெஷின் கடை வருகிறதாம். ஆட்சேபம் இருந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுத வேண்டுமாம். மேவிஸ் அன்றே காகிதத்தோடு என் கடைக்குள் நுழைந்தாள்.

"கையெழுத்துப் போடு ரெஜ். கத்திரி பிடிக்கிற கையால பேனாவும் பிடிக்கலாம்."

அவள் அவசரத்தின் காரணம் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கணவன் கிளிஃபர்ட் முன்பு இருந்த ஊரில் மெஷின்களிடம் வேலையையும் வீட்டையும் தோற்றவன். அப்படிப்பட்ட கடையே இல்லாத ஊராகத் தேடித்தான் ஆறு வருஷத்துக்கு முன் இங்கே குடிவந்தார்கள். வெளியே சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். முடி வெட்டும்போது அவனே என்னிடம் உளறியதுதான்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து கிளிஃபர்ட் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"லைட்டு எரியுது மேவிஸ்."

"அங்க கரண்டே கிடையாது. பேசாம டீயக் குடி."

"எரியுது. பாட்டுகூட கேக்குது."

இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் மறுநாள் மத்தியானம் இருவரும் தெருவைக் கடந்து போய்ப் பார்த்தோம். கண்ணாடிக்கு உட்புறம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கிழிசல் வழியாகப் பார்த்தேன். வெறும் தரை, கால் அளவெடுக்கிற குட்டி முக்காலி ஒன்று, வேறு எதுவுமில்லை. அப்போது உள்ளே எங்கேயோ ஆழத்திலிருந்து சாவி கொடுத்தால் பாடுகிற பொம்மைப் பெட்டி மாதிரி ஒரு பாட்டு கேட்டது.

"ஏதாச்சும் கேக்குதா?" என்றாள் மேவிஸ்.

"ஒண்ணுமில்ல."

பொய்தான். திரும்பி மாடியைப் பார்த்தேன். கிளிஃபர்ட் எங்களைக் கவனிக்கவில்லை. மூன்று விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான், அதே பாட்டின் தாளத்துக்கு. அன்று பிற்பகல் ஒருவர் காதை லேசாக வெட்டிவிட்டேன்.

கவுன்சில் விசாரணை நாளில் நானூறுக்கு மேற்பட்ட கையெழுத்துகளை ஒரே நிமிடத்தில் ஓரங்கட்டினார்கள். மனுவின் முதல் வரி, 'சூதாட்டம் பாவம்.' அதை எழுதிக் கொடுத்த அதிமேதாவி நான்தான்.

"பாவ புண்ணியத்தச் சர்ச்சுல பேசிக்கோங்க," என்றார் தலைவர். "பக்கத்துல குடியிருக்கிற யாருக்காவது இந்தக் கடையால கேடு வரும்னா, அதச் சொல்லுங்க."

கடைக்கு ஆதரவாக ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, குமாஸ்தா வாசித்தார்.

'என் நாற்காலியிலிருந்து அந்தக் கடை நேர் எதிரே தெரிகிறது. ஆறு வருஷமாக இந்தத் தெருவில் எனக்கென்று ஒரு வெளிச்சம் இல்லை. தயவுசெய்து திறக்க விடுங்கள். நான் காத்திருக்கிறேன்.'

மேவிஸின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. பாவி, இப்படியா செய்வான்! அவள் எழுந்தாள்.

"அத எழுதினது என் வீட்டுக்காரர். யாருக்குக் கேடுன்னு கேட்டீங்களே, அவருக்குத்தான்."

பிறகு ஆறு வருஷமாக மூடிவைத்திருந்ததை எல்லாம் அந்த மண்டபத்தில் சொன்னாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல். எனக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. கடைக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள்.

இருவரும் மாடி ஏறினோம். கதவு திறந்திருந்தது. கிளிஃபர்ட் கோட்டு மாட்டி, தலை சீவி, வாசலில் தயாராக நின்றான்.

"அனுமதி குடுத்துட்டாங்களா?"

"இல்ல கிளிஃப். ஜெயிச்சுட்டோம். ஆனா... எல்லாத்தையும் சொல்லவேண்டியதாப் போச்சு. மன்னிச்சிரு."

அவன் கோபப்படவில்லை. அவள் கன்னத்தை அன்பாகத் தட்டினான்.

"பரவால்ல விடு. அப்ப பக்கத்து ஊரு வரைக்கும் இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கணும், அவ்வளவுதானே."

எங்கள் இருவரையும் வழிவிடச் சொல்லி மரியாதையாகக் கேட்டு, படி இறங்கினான்.