உப்பளத்தில் என் ஆல்பம் ஒலித்த சாயங்காலம்

இந்த ஆல்பத்தின் மேல் எனக்கிருக்கிற கடுப்பு இன்னும் தீரவில்லை. கம்ப்யூட்டரில் இசை செய்வதுதான் என் தொழில் என்று மரக்காணத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக நடமாட முடியாது. "மேளம் இல்ல, பாடறதுக்கு ஆளு இல்ல, அப்புறம் என்னாடா பாட்டு?" என்பார்கள். முதலில் அப்படிக் கேட்டவள் என் அக்காதான்.

மாமா இறந்த பிறகு, குத்தகைக்கு எடுத்த உப்பளத்தை அக்கா தனியாகவே நடத்துகிறாள். ஆள் பிடிப்பது, லாரிக்காரனோடு மல்லுக்கட்டுவது, எல்லாம் அவள் தலையில். தம்பிக்காரன் நான் ஆரோவில் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு வயிறு எரியாதா? பொங்கலன்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஆல்பத்த முடி. நான் உக்காந்து முழுசா கேக்கறேன். எனக்குப் புடிச்சா உன் வழியில போ. இல்லன்னா உப்பளத்துக்கு வந்துடு. ஒண்டியா முடியலடா என்னால."

ஆல்பம் இணையத்தில் வெளிவந்தது. என் சிநேகிதர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். போகட்டும். அக்கா கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தேன்.

போனிலேயே போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்குத்தான் திமிர். போனில் பேஸ் என்கிற அடிநாதம் எங்கே கேட்கும்? அனுமந்தையிலிருந்து திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களை வரவழைத்தேன். கண்ணெதிரே இருந்தால் ஆட்கள் குத்துப்பாட்டு கேட்பார்கள் என்று, உப்பளத்து ஷெட்டுக்குப் பின்னால் வைத்தேன். அந்த அதிபுத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

வேலை முடிந்த நேரம். வானம் கொஞ்சம் மூட்டமாக இருந்தது. அக்கா கைகால் கழுவி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். ஆட்கள் டீ கிளாஸோடு சுற்றி உட்கார்ந்தார்கள். லேப்டாப்பில் பாட்டைத் தட்டிவிட்டேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் வெறும் காற்றிரைச்சல்தான். கடல்காற்று அடித்த அடியில் அது யார் காதிலும் விழவில்லை.

"போட்டியாடா?"

"போட்டாச்சுக்கா."

"ஒண்ணும் கேக்கலியே."

ஒயர்தான் லூஸ் போலிருக்கிறது என்று எரிச்சலோடு குனிந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கடகடவென்று ஓர் உறுமல், தரையே அதிர்ந்தது.

"ஐயோ, மழ வருதுடா! தார்ப்பாய எடுங்க!" அக்கா கத்தினாள்.

டீ கிளாஸ்கள் உருண்டன, சேர் கவிழ்ந்தது. வாரிக் குவித்த உப்பு முழுக்க வெட்டவெளியில் கிடந்தது. ஒரு மழை போதும், அத்தனை பேருடைய உழைப்பும் கரைந்துவிடும். வரப்பு மேலே எல்லோரும் ஓடினோம். அக்கா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக் குவியல் மேல் இழுத்தோம். பாதி மூடியிருப்போம். உறுமல் பட்டென்று நின்று, டிக் டிக்கென்று தாளம் கிளம்பியது.

"ஏம்பா, இடி தாளம் போடுதுப்பா!" என்றார் ஆட்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "இது உன் பாட்டா?"

"ஆமாக்கா."

"அந்த இடியும் நீ பண்ணதா?"

"நான்தான் பண்ணேன்."

"அப்ப நீ ஏன்டா ஓடியாந்த?"

மாதக்கணக்கில் குடைந்து குடைந்து செய்த பேஸ் அது. எங்கே எழும்பும், எங்கே அடங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதற்கே நான் ஓடியிருக்கிறேன், ஒரு செருப்பை எங்கோ விட்டுவிட்டு. எனக்கு வந்த ஆத்திரம் அக்கா மேலும் இல்லை, பாக்ஸ் மேலும் இல்லை, ஓடின என் கால்கள் மேல்.

"இன்னும் பாட்டு நெறைய இருக்குதுக்கா. முழுசா கேக்கறன்னு சொன்ன இல்ல?" என்றேன். குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

அவள் தன் பக்கத்து முனையைக் கல்லில் இழுத்துக் கட்டினாள். முடிச்சைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்ட வரைக்கும் போதும்டா. தார்ப்பாய நல்லாத்தான் இழுக்கற. காலைல வந்துடு."