இரண்டாம் கவுண்டரில் கூட்டமில்லை

ஷார்ஜாவில் ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாள், என் கவுண்டருக்கு வந்தவர்கள் ஏழு பேர். பக்கத்தில் நூர்ஜஹான் அக்காவிடம் போனவர்கள் அறுபதுக்கு மேல். எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம்.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். அக்கா கீழக்கரைக்காரர், பிளஸ் டூவோடு சரி. கீபோர்டை ஒற்றை விரலால் தட்டுவார். மாணவர் விவரங்களை ஒரு நீல நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். என் கவுண்டர் காலியாக இருந்தாலும் பிள்ளைகள் அவர் முன்னால்தான் நின்றார்கள்.

1. டோக்கன் மெஷின்

மூன்றாவது மாதம், டோக்கன் மெஷின் வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதினேன். காத்திருக்கும் நேரம் குறையும் என்று காரணம் காட்டினேன். உண்மைக் காரணம், யாரும் கவுண்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது.

மெஷின் வந்தது. நானே செட் செய்தேன். ஒரே வாரத்தில் பிள்ளைகள் வழி கண்டுபிடித்தார்கள். என் கவுண்டருக்கு எண் விழுந்தால் பின்னால் இருப்பவரோடு டோக்கனை மாற்றிக்கொண்டார்கள்.

"பாரும்மா, உன் மெஷினுக்கே டிமிக்கி குடுக்குறானுவ" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. மூன்று முறை

பாடம் சேர்க்கவும் விடவும் அன்று கடைசி நாள். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் பிரபு என்னிடம் வந்தான். வயது பத்தொன்பது. அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், குடும்பம் ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில். அப்போதைய விதிப்படி, பதினெட்டு தாண்டிய மகன் அப்பாவின் விசாவில் தொடர, படிக்கிறான் என்று ஆண்டுதோறும் கல்லூரி கடிதம் தர வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். பிரபு பிறந்ததே ஷார்ஜாவில். அவனுக்கு ஊர் என்பது லீவில் போகும் இடம்.

"மிஸ், ஸ்டடி லெட்டர் வேணும். நெக்ஸ்ட் வீக் விசா முடியுது."

முழுநேர மாணவருக்குக் குறைந்தது நான்கு பாடம். ஸ்கிரீனில் அவனுக்கு மூன்றுதான் இருந்தது. ஒன்றை விட்டிருந்தான்.

"மூணு சப்ஜெக்ட்தான் இருக்கு. லெட்டர் தர முடியாது."

"அப்போ?"

அக்காவின் பக்கம் பார்த்தான். வந்து நின்றதிலிருந்து அது மூன்றாவது முறை.

"ரூல் அவ்வளவுதான்" என்றேன்.

மாலை நான்கு மணி வரை ஒரு பாடம் சேர்க்கலாம். எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினேன்.

3. நீல நோட்டு

மூன்று மணிக்கு டீ குடிக்கும்போது அக்கா, பிரபு எதற்கு வந்தான் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏன் விட்டான்னு கேட்டியா?"

"அது நம்ம வேலையாக்கா?"

"அவன் அம்மா கால் முறிஞ்சு கெடக்கு. காலையில அவன்தான் பாத்துக்குறான். அதான் காலை கிளாஸை விட்டிருக்கான். சாயங்கால கிளாஸ்ல எடம் இருக்கே, சொன்னியா? நாலு மணியோட கலாஸ், எல்லாம் முடிஞ்சிடும்னு சொன்னியா?"

"அவன் கேக்கலை."

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

என் டேட்டாபேஸில் இருந்தது அவனுடைய பழைய நம்பர். புது நம்பர் அக்காவின் நோட்டில் இருந்தது. அதைப் பார்த்து அக்காவே அவனுக்கு போன் போட்டார்.

"யல்லா, சீக்கிரம் டாக்ஸி பிடிச்சு வா. அப்புறம் சொல்றேன், நீ மொதல்ல வா!"

மூன்று நாற்பதுக்கு வந்தான். ஃபார்மில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். மூன்றாம் மாடி. லிஃப்டுக்குக் காத்திராமல் நான் படியேறி ஓடினேன். நான்காவது பாடத்தை ஏற்றும்போது மணி நான்காக நான்கு நிமிடம். கடிதத்தையும் நானே பிரிண்ட் எடுத்தேன்.

"தேங்க்ஸ், நூர் ஆன்ட்டி!" என்று கத்திக்கொண்டே போனான். என் பக்கம் ஒரு தலையாட்டல்கூட இல்லை. மூச்சு வாங்க நின்ற எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'முடியாது' என்பதற்கு முன்னால் 'ஏன்' என்று கேளுங்கள். நான் மறந்துவிடுவேன் என்று ஸ்கிரீனில் அதற்கு ஒரு கட்டமே சேர்த்தேன். அதை நிரப்பாமல் அடுத்த எண்ணை அழைக்க முடியாது.

அடுத்த செமஸ்டரில் பிரபுவின் எண் மறுபடி என் கவுண்டருக்கு விழுந்தது. டோக்கனை மாற்ற அவன் ஆள் தேடினான். எழுந்து நின்று, "அம்மாவுக்குக் கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

தேடுவதை விட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

அது அக்கா கேட்கிற கேள்வி. அவரிடமிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.